ஓசிடிக்கு ஆன்லைன் சிகிச்சை: கேஸ் அடுப்பு வீட்டில், டாக்டர் போனில். இது சரிப்பட்டு வருமா?

பூட்டுசாவி (இழையைத் தொடங்கியவர்) · செவ்வாய், இரவு 10:47

வணக்கம். ஊர் அறந்தாங்கிப் பக்கம். வயது 36, இரண்டு பிள்ளைகள், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. எனக்கு ஓசிடி (ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) என்று டாக்டர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் வீட்டில் இதற்குப் பெயர் "பொறுப்பான பொண்ணு".

என் பிரச்சினை கேஸும் பூட்டும். காலை 8:20-க்கு பஸ். 7:50-க்கே ரெகுலேட்டரை மூடிவிடுவேன். மூடியது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும், மனசு மட்டும் ஒத்துக்கொள்ளாது. திறந்து மறுபடி மூடுவேன். எட்டு முறை ஆனால்தான் கணக்கு முடியும். நடுவில் பிள்ளை கூப்பிட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. தெருமுனை வரை போய்த் திரும்பி ஓடி வந்து பஸ்ஸை விட்ட நாட்கள் எத்தனையோ.

ஒரு நாள் எனக்கே ஒரு யோசனை வந்து, மூடிய ரெகுலேட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாமே என்று. இப்போது கேலரியில் 2,300 போட்டோ இருக்கிறது, அத்தனையும் ஒரே சிலிண்டர். கொஞ்ச நாளில் "இது இன்றைக்கு எடுத்ததுதானா, நேற்றையதா" என்று ஆரம்பித்துவிட்டது. அதனால் இப்போது பக்கத்தில் தினசரி காலண்டரை நிறுத்தி வைத்து எடுக்கிறேன். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எழுதும்போது எனக்கே வந்தது.

செர்ட்ரலின் மாத்திரை 50-ல் தொடங்கி இப்போது 150. பாதி குறைந்திருக்கிறது. மாத்திரையோடு இ.ஆர்.பி. என்ற பயிற்சியும் (பயத்தை வேண்டுமென்றே வரவைத்து, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது) செய்தால்தான் மீதி குறையும் என்கிறார் டாக்டர். இந்தப் பக்கம் அதைச் செய்கிறவர் யாரும் கிடைக்கவில்லை. திருச்சி போய் வர ஒரு நாள் லீவு, வாரா வாரம் நடக்கிற காரியமா? இப்போது போனைத் திறந்தாலே ஆன்லைன் சிகிச்சை விளம்பரமாக வருகிறது. வீடியோவில் செய்து யாருக்காவது குறைந்திருக்கிறதா? ஆள் நம்பகமானவரா என்று எப்படிப் பார்ப்பது? எவ்வளவு ஆகும்?

---

ஜாலி_ஜம்பு · செவ்வாய், இரவு 11:05

எனக்கும் ஓசிடிதான் சிஸ்டர், மேசையில் பேனா எல்லாம் நேராக இருக்கணும் 😄 இதுக்கெல்லாம் எதுக்கு மாத்திரை? மனசை தைரியமா வெச்சுக்கிட்டு வேலையில பிஸியா இருங்க, தானா போயிடும்.

---

கேட்வால்வு · செவ்வாய், இரவு 11:38

ஜம்பு அண்ணே, பேனா நேராக இருந்தால் உங்களுக்கு ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அந்தத் திருப்திதான் எங்களுக்கு வராது. வந்தால் நாங்கள் ஏன் எட்டு முறை மூடப்போகிறோம்.

அக்கா, நான் திருப்பூர், 29 வயது. ஐந்து மாதம் முழுக்க வீடியோவில்தான் செய்தேன். என்னுடையது கழுவுகிற வகை. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். துணியில் இருக்கிற சாயம் என் கை வழியாக வீட்டுக்கு வந்து, அக்கா பையன் உடம்புக்குள் போய் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். வேலை முடிந்து வந்தால் பாத்ரூமில் இரண்டரை மணி நேரம். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரே ராத்திரியில் காலி. காலையில் அம்மா பக்கத்து வீட்டில் குடம் வாங்கிச் சமைப்பார்கள்.

முதலில் கோவையில் ஒரு கிளினிக்குக்கு நேரில்தான் போனேன். அங்கே ஒரு வேடிக்கை. செருப்பின் அடியைத் தொடு என்றார், தொட்டேன். குப்பைத்தொட்டியைத் தொடு, தொட்டேன். பயமே வரவில்லை. ஏன் என்றால் அது அவர் ரூம், ஏதாவது ஆனால் அவர் பொறுப்பு! வீட்டுக்கு வந்து கேட்டைத் தாண்டியதும் பழைய கதை. நோய் இருப்பது என் வீட்டில், சிகிச்சை நடந்தது வேறு ஊரில்.

வீடியோவில் அந்தத் தப்பித்தல் கிடையாது. இப்போது பார்க்கிற மேடம் சென்னையில் இருக்கிறார், இன்று வரை நேரில் பார்த்ததில்லை. முதல் மூன்று வாரம் பேச்சும் பட்டியலும்தான். எதைத் தொட்டால் பயம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க் போட வேண்டும். என் பட்டியலில் கீழே வாசல் செருப்பு 25, உச்சியில் அக்கா பையனின் பால் டம்ளர் 100. நான்காவது செஷனில் போனை பிளாஸ்டிக் ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, வேலைக்குக் கொண்டுபோகிற பையின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தேன். அந்தக் கையை அப்படியே என் தலையணையில், துண்டில், ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைக்கச் சொன்னார். கை எரிகிற மாதிரி இருந்தது. "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று கேட்டேன். "ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம். இப்ப நம்பர் என்ன?" என்றார். 85. கழுவக் கூடாது. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது நிமிடம் கழித்துக் கேட்டார், 50. கழுவாமலே 35 இறங்கியிருக்கிறது. அதை என் உடம்பு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது.

ஆனால் போனை வைத்த பிறகுதான் உண்மையான சண்டை. அவர் போய்விடுவார், குழாய் போகாதே. அதனால் செஷன் முடிகிற நேரம் அம்மா மொட்டைமாடிக்குப் போய் கேட்வால்வை மூடிவிட வேண்டும் என்று ஏற்பாடு, நான் கேட்டுக்கொண்டுதான். என் பெயர்க் காரணம் இதுதான்.

ஒரு தில்லாலங்கடி வேலையும் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குக் கீழே என் கை அவருக்குத் தெரியாது. இரண்டு வாரம் மடியில் சானிடைசர் பாட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம்பர் மடமடவென்று இறங்கியது, அவருக்கே சந்தேகம் வந்து கேட்டார், ஒத்துக்கொண்டேன். வீடியோவில் ஏமாற்றுவது சுலபம். ஏமாறுவது யார் என்பதுதான் கேள்வி.

எனக்கு ஒரு செஷன் 1,500 ரூபாய். வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. மொத்தம் பதினெட்டு. ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கிற ஒய்-பாக்ஸ் ஸ்கோர் ஆரம்பத்தில் 31, இப்போது 14.

---

மருந்துக்கடை_மணி · புதன், காலை 7:15

மாத்திரைப் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன், 22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன்.

ஆன்லைனில் டாக்டர் எழுதுகிற சீட்டு செல்லும். 2020 மார்ச்சில் மத்திய அரசு டெலிமெடிசின் விதிமுறை கொண்டுவந்தது. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். வாட்ஸாப்பில் "செர்ட்ரா 100 போடு" என்று டைப் பண்ணி வந்ததைக் காட்டினால் நான் கொடுக்க மாட்டேன். அல்பிரசோலம் என்கிற தூக்க வகை மாத்திரையை டெலிமெடிசினில் எழுதித் தர அனுமதி இல்லை, அதைச் சுலபமாகத் தருகிறோம் என்கிற ஆப் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மைனர் பிள்ளை என்றால் வீடியோவில் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

கவுன்டரில் தினமும் பார்ப்பது இன்னொன்று. மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்கு டோஸும் கூட, காத்திருக்கிற நாளும் கூட. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஆன்லைன் ஆளை மாற்றினாலும் மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள் தங்கச்சி.

---

எம்ஃபில்_மாணவி · புதன், மதியம் 1:20

நான் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். இரண்டாம் வருடம். இன்னும் பயிற்சியில் இருக்கிறவள், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஆளைப் பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். இ.ஆர்.பி. பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் செய்வது. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் தளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். கவுன்சலர், லைஃப் கோச், ஹீலர் என்று பலகை மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம், அதில் நல்லவர்களும் இருப்பார்கள், ஆனால் ஓசிடிக்கு நல்லவராக இருந்தால் மட்டும் போதாது.

அடுத்து ஒரே கேள்வி: "என் கேஸ் அடுப்புக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள்?" மூச்சுப்பயிற்சி, பாசிட்டிவ் எண்ணம், கையில் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டு எண்ணத்தை நிறுத்துவது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். பயத்தை வரவைத்து, செய்கிற சடங்கைத் தடுத்து, தானாக இறங்கும்வரை இருப்பது என்று வந்தால் உட்காருங்கள்.

கேட்வால்வு தம்பிக்கு ஒரு செய்தி. இந்த முறைக்கு அடிபோட்டவர் விக்டர் மேயர், 1966-ல் லண்டனில். கழுவிக்கொண்டே இருந்த ஒரு நோயாளிக்கு அவர் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, அறையில் தண்ணீரை நிறுத்தியது. நர்சுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். உங்கள் அம்மா மொட்டைமாடியில் செய்தது அதேதான்! ஆனால் இப்போது யாரும் வலுக்கட்டாயமாகச் செய்வதில்லை, நோயாளி சம்மதித்துத் தானே எடுக்கிற அடிதான் கணக்கு.

ஒய்-பாக்ஸ் என்பது பத்துக் கேள்வி, 40 மார்க். 16 முதல் 23 நடுத்தரம், 24-லிருந்து கடுமை. நல்ல தெரபிஸ்ட் தொடக்கத்தில் ஒரு தடவை, நடுவில் சில தடவை இதைப் போட்டுப் பார்ப்பார். நீங்களாக வாரம் மூன்று தடவை போட்டுப் பார்க்காதீர்கள், அதுவே புது செக்கிங் ஆகிவிடும் 🙂

---

அலமேலு_கும்பகோணம் · புதன், மாலை 6:40

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். என் நாத்தனாருக்கு ஆன்லைன் சிகிச்சை பலிக்கவில்லை.

அவளுக்கு மடி, தீட்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் மடி பார்க்கிறவர்கள்தான், அதனாலேயே பன்னிரண்டு வருஷம் ஒருத்தருக்கும் இது வியாதி என்று தெரியவில்லை. மடி என்றால் ஒரு முழுக்கோடு முடியும். இவளுக்கு முடியவே முடியாது. தெருவில் யாராவது தும்மினால் மறுபடி தலைக்கு. மார்கழியில் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை முழுகி நிமோனியா வந்து படுத்தாள்.

ஒரு ஆப்பில் பணம் கட்டினோம். நான்கு மாதத்தில் மூன்று தெரபிஸ்ட் மாற்றினார்கள். ஒவ்வொருத்தரிடமும் முதலிலிருந்து கதை. அதற்கு மேல் அவள் பாத்ரூமை விட்டு வெளியே வந்தால்தானே வீடியோவில் உட்காருவாள்? கஷ்டமாக ஏதாவது செய்யச் சொன்னால் "நெட் போயிடுத்து" என்று கட் பண்ணிவிடுவாள். கடைசியில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் கூட்டிப்போய்ச் சேர்த்துத்தான் ஒரு வழிக்கு வந்தது. அங்கே ஓசிடிக்கு என்றே தனி கிளினிக் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு தொடர்ச்சிக்கு இப்போது வீடியோ. இந்த வரிசையில் அது நன்றாகவே போகிறது.

ஆரம்பமே வீடியோ என்பது எல்லோருக்கும் ஒத்துவராது. சாப்பாடு, தூக்கம் போய்விட்டவர்கள், சாக வேண்டும் என்று பேசுகிறவர்கள் நேரில்தான் போக வேண்டும். இன்னொன்று, எங்கள் வீட்டில் கதவை மூடிக்கொண்டு பேச இடமில்லை. மாமியார் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எவள் மனதில் இருப்பதைச் சொல்வாள்?

---

சிட்னி_சேகர் · வியாழன், காலை 5:02

அலமேலு அக்கா சொல்வது சரி. இங்கே ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரியும் இருக்கிறது. மைண்ட்ஸ்பாட் என்று அரசு பணத்தில் நடக்கிற இலவச சேவை, மக்குவாரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பாடம் பாடமாக இணையத்தில் படித்து, நாமே பயிற்சி செய்ய வேண்டும், வாரம் ஒரு தடவை தெரபிஸ்ட் போனில் கூப்பிடுவார். நான் செய்தேன். பாதிதான் குறைந்தது, மீதிக்கு நேரில் போனேன்.

ஸ்வீடனில் இந்த இரண்டு படியையும் சோதித்துப் பார்த்தார்கள், 2021-ல் வெளிவந்தது. 8 முதல் 17 வயதுவரை 152 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு முதல் 16 வாரம் இணையத்தில், குறையாதவர்களுக்கு மட்டும் பிறகு நேரில். இன்னொரு குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே நேரில். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இணையத்தில் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நேரில் போகவே தேவைப்படவில்லை. ஆனால் தமிழில் இப்படி ஒரு பாடத்திட்டம் நான் பார்த்ததில்லை. "மனசு ஒத்துக்கொள்ளாது" என்று அக்கா எழுதினாரே, அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நான்கு செஷன் ஆனது.

---

கேட்வால்வு · வியாழன், காலை 9:10

இட வசதிக்கு: நான் பாதி செஷனை மொட்டைமாடியில் செய்தேன், மீதியை மாமாவின் நிறுத்திவைத்த ஆம்னி வேனுக்குள். மைக் இருக்கிற ஹெட்செட் கட்டாயம்.

சொல்ல விட்ட ஒன்று. போன் இரண்டு பக்கமும் வெட்டும். மேடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான், ராத்திரி இரண்டு மணிக்கு "சாயம் தோல் வழியாக உள்ளே போகுமா" என்று நாற்பது தடவை தேடவைத்ததும் அதுதான். அப்புறம் சாட்பாட் வந்தது, தேடுவதை விட்டு அதைக் கேட்டேன். கோபிக்காமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் பதில் சொல்கிறது, அம்மாகூட நாலாவது தடவை அலுத்துக்கொள்வார்கள். மேடம் முதலில் நிறுத்தியது அதைத்தான். அவருக்கே வாட்ஸாப்பில் "இது பரவாயில்லையா" என்று அனுப்பினாலும் ஒரே பதில்தான்: "செவ்வாய்க்கிழமை பேசலாம்."

---

தூக்கமில்லை (புதியவர்) · வெள்ளி, நள்ளிரவு 12:31

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். எனக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். குளிப்பாட்டும்போது தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று படம் மாதிரி வருகிறது. பயந்து இப்போது அம்மாவையே குளிப்பாட்டச் சொல்கிறேன். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டேன். இது ஓசிடியா? நான் செய்துவிடுவேனா? ஒருத்தராவது மாட்டாய் என்று சொல்லுங்கள்.

---

எம்ஃபில்_மாணவி · வெள்ளி, நள்ளிரவு 12:44

தங்கச்சி, நீங்கள் எழுதியது நல்லது. பிள்ளை பெற்ற புதிதில் இப்படிப்பட்ட எண்ணங்கள் நிறையத் தாய்மார்களுக்கு வரும், பலர் வெளியே சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஓசிடி தொடங்குவதும் உண்டு. ஆனால் உங்களுக்கு இருப்பது அதுதானா என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டாக்டர் சில கேள்வி கேட்டுப் பிரித்தறிவார்.

இப்போதே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, 24 மணி நேரமும், தமிழில், இலவசம். இங்கே எழுதியதை அப்படியே அவர்களிடம் படியுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுக்கிறவர்களுக்கும் கொடுக்கக்கூடிய மருந்து உண்டு, அதைப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். குரல் ஏதாவது கேட்டாலோ, செய்யத்தான் வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தாலோ காத்திருக்காதீர்கள், வீட்டில் எழுப்பிச் சொல்லி நேராக அரசு மருத்துவமனைக்கு.

---

தூக்கமில்லை · வெள்ளி, நள்ளிரவு 12:52

ரொம்ப நன்றி அக்கா. குரல் எல்லாம் இல்லை. ஆனால் செய்ய மாட்டேன்தானே?

---

தூக்கமில்லை · வெள்ளி, நள்ளிரவு 1:15

யாராவது இருக்கிறீர்களா? ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

---

கேட்வால்வு · வெள்ளி, நள்ளிரவு 1:22

இருக்கேன்மா. நான் "மாட்டீங்க" என்று சொன்னால் பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கும், பதினோராவது நிமிடம் வேறு ஒருத்தரிடம் கேட்கத் தோன்றும். எங்க அம்மா எனக்கு ஆறு வருஷம் அப்படிச் சொன்னார்கள். அதனால் சொல்லப் போவதில்லை. 14416 அடிச்சீங்களா? அடிச்சிட்டு வாங்க, நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன்.

---

மட்டுறுத்துனர் · வெள்ளி, நள்ளிரவு 1:30

அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று யாரும் பதில் எழுத வேண்டாம். தூக்கமில்லை, உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

---

தூக்கமில்லை · வெள்ளி, காலை 6:58

பேசினேன். அரை மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லிவிட்டேன், அவர் அழுதுவிட்டார். இன்று மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறோம்.

---

பூட்டுசாவி · ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4:25

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மாணவி சொன்ன கேள்வியை மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் தியானம் என்றார், ஒருவர் சின்ன வயதில் வீட்டில் தீப்பிடித்ததா என்றார். மூன்றாமவர் "அடுப்படியைக் காட்டுங்க" என்றார், அவரையே பிடித்துக்கொண்டேன். வேலூரிலிருந்து பேசுகிறார்.

இதுவரை ஐந்து செஷன். போன் அரிசி டின் மேல் சாய்ந்திருக்கும். ஒரு தடவை மூட வேண்டும், திரும்பிப் பார்க்காமல் ஹாலுக்கு வர வேண்டும். முதல் நாள் 90, கை நடுங்கியது. மூன்றாவது செஷனில் போட்டோக்கள். 2,300-ஐயும் அவர் பார்க்க அழித்தேன். முடிந்தது என்று நிமிர்ந்தால், "ட்ராஷ்ல ஒரு மாசம் இருக்குமே, அதையும்" என்றார். எனக்கு முன்னாடி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

வீட்டுக்காரரையும் கால் மணி நேரம் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் கேட்கும்போதெல்லாம் அவர் "மூடியாச்சு, மூடியாச்சு" என்பார். இனிமேல் "தெரியல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். முதல் நாள் அவர் அப்படிச் சொன்னபோது டிபன் பாக்ஸைத் தூக்கி எறியாத குறை. இப்போது அவர் அந்த வார்த்தையை ரொம்பவே ரசித்துச் சொல்கிறார், கரண்ட் பில் கட்டியாச்சா என்றாலும் "தெரியல".

ஸ்கோர் 27-லிருந்து 21. கேஸ் குறைந்ததும் பூஜை விளக்கு புதிதாகத் தலைதூக்கியிருக்கிறது, அணைந்ததா என்று. அதையும் பட்டியலில் சேர்த்தாயிற்று. நேற்று 8:20 பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஒரு சந்தேகம். வருகிற செவ்வாய் எங்கள் பக்கம் மாதாந்திர பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இருக்காது. செஷன் பதினொன்றுக்கு. வைஃபை போய்விடும், போன் டேட்டாவில் ஒரு மணி நேர வீடியோ தாங்குமா?

---

கேட்வால்வு · சனி, மாலை 4:51

தாங்கும் அக்கா. திங்கள் ராத்திரியே போனை முழுசா சார்ஜ் போட்டு வெச்சிருங்க. சார்ஜ் ஏறுதான்னு ஒரே ஒரு தடவை பாருங்க, போதும்.